ஒரு சாண் கரி

எட்டு வருசம் திருப்பூரில்
புது ஜீன்ஸைப் பழசாக்கினேன்.
லேசர் ஒரு தரம் தொடையில் நடந்தால்
யாரும் உடுத்தாத துணியில்
மூன்று வருசம் உடுத்திய தேய்மானம்.
முட்டிக்கு ஒன்பது விநாடி.
நீலம் மட்டும் எரியும், நூல் பிழைக்கும்.

ஆர்டர் வற்றியதும் கம்பெனியைப் பூட்டினார்கள்.
மெசின் தெரிந்தவள் என்பதால் இங்கே வந்தேன்,
சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் பாலம் தாண்டி,
கூரை ஒழுகும் சிவன் கோயிலுக்கு.
பழைய கல்லின் மேல் அதே ஒளி.

"புதுசாக்கிப் போடுவீங்களா?"
வாட்ச்மேன் கிட்டுசாமி கேட்டார்.
இல்லைங்க.
புதுசாக்கத்தான் முன்னே மணலைப் பீய்ச்சி அடித்தார்கள்,
வாசலில் துவாரபாலகருக்கு
உதடு போனதைப் பாருங்க.

பச்சைக் கண்ணாடி மாட்டினால்
உலகமே பாசிக்குளம்.
நனைத்த சுவரில் ஒளி துடித்துத் துடித்துப் போகும்.
கரி அதை வாங்கும், வெடிக்கும்,
வாணலியில் சோளம் பொரிகிற சத்தம்.
கல் வாங்காது. திருப்பித் தந்துவிடும்.
சத்தம் அடங்கினால்
கல் வந்துவிட்டது என்று கை எடுக்க வேண்டும்.
கண்ணைவிடக் காதை நம்பும் வேலை.

ஆனால் எங்கள் கல் லேசுப்பட்டதில்லை.
வெள்ளைப் பளிங்குக்கு எழுதிய பாடம்
இதற்குச் செல்லாது.
இதன் உடம்பிலேயே கருப்பு மினுக்கு,
எள்ளைத் தூவினாற்போல்.
அது வேறு அழுக்கு வேறு என்று
ஒளிக்குத் தெரியாது.
முதல் நாளே ஒரு மினுக்கு
கடுகளவு உருகிக் குமிழாய் நின்றது.
மதியச் சோறு இறங்கவில்லை.
அந்த இடத்தைப் போட்டோவில் வட்டமிட்டுத் தேதி போட்டேன்.
என் நோட்டின் முதல் பக்கம் அதுதான்.

பதினோராம் நாள், அர்த்தமண்டபத்து வடக்குச் சுவர்.
மேலே சுண்ணாம்பு, அதற்கடியில் எண்ணெய்ப் பிசுக்கு,
அதற்கடியில் கரி, கரி, கரி.
உறிஞ்சு குழாய்க்கு மூச்சு முட்டியது.
முகமூடிக்குள் இலுப்பெண்ணெய் வாசம்,
எந்த நூற்றாண்டில் ஆட்டியதோ.
ஒரு கொம்பு தெரிந்தது. ஒரு சுழி.
பிறகு முழு வரி.

சிக்னல் நந்தியிடம் மட்டும்தான் கிடைக்கும்.
போட்டோ எடுப்பேன், நந்திக்கு ஓடுவேன்,
கல்வெட்டு படிக்கும் எஸ்தர் மேடம்
இன்னும் கிட்டத்தில் எடு என்பார், திரும்ப ஓடுவேன்.
கடைசியில் எழுத்துக்கூட்டினார்:
சந்தியாதீபம் ஒன்றுக்கு
ஒடுக்கின அச்சு ஒன்று.
சந்திராதித்தவரை செல்வதாக.

ஒரு காசு, என்றார். அதன் வட்டியில்
அந்திக்கு ஒரு விளக்கு,
சூரியனும் சந்திரனும் உள்ள மட்டும்.
கொடுத்தவள் பேரில் "பெற்றா" வரை வந்திருந்தது,
மீதி கரிக்குள்.

எங்கே ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டேன்.
கேட்ட பிறகுதான் உறைத்தது.
எழுத்துக்கு நேர் கீழே, ஒரு முழத்தில்,
தினமும் என் டீ டம்ளரை வைக்கும் மாடக்குழி.
அதன் வாயிலிருந்து கிளம்பிய கரி
வரி வரியாய் மேலேறி
எல்லாவற்றையும் மூடியிருக்கிறது.

விளக்கு ஏற்றச் சொன்ன எழுத்தை
விளக்கே தின்றிருக்கிறது.

அப்படியென்றால் ஏமாற்றவில்லை யாரும்.
காசு வாங்கியவர்கள் ஏற்றியிருக்கிறார்கள்.
ஓர் அந்தி தவறாமலா, விட்டு விட்டா,
கரிக்குக் கணக்கு எழுதத் தெரியாது.
அவள் செத்த பிறகும்
பேர் மறைந்து, அது என்ன வரி என்றே
தெரியாமல் போன பிறகும்
எவனோ திரி திரித்திருக்கிறான்.

மறுநாள் பேரைத் திறந்தேன்.
இங்கே எழுதப் போவதில்லை.
சுவரில் இருக்கிறது, வந்து படியுங்கள்.
மாடத்துக்கு மேலே ஒரு சாண் கரியை மட்டும்
தொடாமல் டேப் ஒட்டி நிறுத்தினேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
சுத்தம் செய்யாத பகுதி, காரணம்.
கல் பலவீனம் என்று போட்டால்
கேள்வி வராது.
ரசீது, என்று எழுதினேன்.

சாமான் ஏற்றும்போது கிட்டுசாமி
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"அந்த ஒரு எடத்த ஏனுங்க உட்டுப்போட்டீங்க?
காசு பத்தலீங்களா?"

பத்துச்சுங்க, என்றேன்.